முதல் பல் முளைப்பதற்குள்

"முதல் பல் எட்டிப் பார்க்கறதுக்குள்ள மருந்தை ஆரம்பிச்சாகணும். அதுக்கப்புறம் ஆரம்பிச்சுப் பிரயோஜனம் இல்லை" என்று குழந்தை மருத்துவர் சொன்னார். மடியில் கிடந்த மகனின் வாயைத் தங்கை உடனே திறந்து பார்த்தாள். ஈறு வழுவழுவென்று ஈரமாக மின்னியது. அவன் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

"இப்பவே ஆரம்பிச்சுடலாமே டாக்டர்?" என்றான் அவள் கணவன். அவன் பேருந்து நடத்துநர். பாதி வேலையில் எழுந்து வந்திருந்ததால் காக்கிச் சட்டையிலேயே நின்றான்.

"நோய் இருந்தா இது மருந்து. இல்லைன்னா இது விஷம். நல்ல கல்லீரலைத் தின்னுடும். இருக்கா இல்லையான்னு தெரியாம என்னால கை வைக்க முடியாது."

பின்னால் நின்றுகொண்டிருந்த அவள் அக்காவுக்கு அந்த நோயைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய ஒரே மகன் நான்கு வயது வரை ஓடியாடிவிட்டு, பிறகு நடக்க மறந்தான், பேச மறந்தான், கடைசியில் விழுங்கவும் மறந்து போய்ச் சேர்ந்தான். தாயின் உடம்பில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஆண் பிள்ளைகளைப் பிடிக்கிற நோய் அது. பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம், பாதிக்குப் பாதி. அவன் காலத்தில் மருந்து கிடையாது. இப்போது மருந்து வந்துவிட்டது. நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் வழியும் இருந்தது. அதே மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூவரும் மாடிக்குப் போனார்கள். பரிசோதனைக்கூடத்தில் இயந்திரத்தின் மேல் துணி போர்த்தியிருந்தது. அங்கே வேலை பார்ப்பவர் வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார். நோய் கண்ட குடும்பங்கள் சேர்ந்து நடத்திய சங்கத்தின் ஆரம்பக் காலத்திலிருந்தே அவருக்கு அவளைத் தெரியும்.

"நிறுத்தச் சொல்லிட்டாங்கம்மா. ஏதோ ஒரு கம்பெனி பேட்டன்ட் வாங்கிடுச்சு."

"எதுக்கு, இந்த மெஷினுக்கா?"

"மெஷினுக்கு இல்லை. அந்த மரபணுவுக்கு."

நடத்துநருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னங்க இது? என் பையன் உடம்புல இருக்கறதுக்கு இன்னொருத்தன் பட்டா வாங்கிட்டு வருவானா?"

"உடம்புல இருக்கறவரைக்கும் உங்களுது தம்பி. வெளியே பிரிச்சு எடுத்தா அவங்களுது. பிரிச்சு எடுக்காம நான் எப்படிப் பார்க்கறது?"

"சரி, அவங்ககிட்டயே குடுத்துப் பார்த்துக்கறோம். எங்க இருக்கு அவங்க கடை?"

"அவங்க இன்னும் கடையே திறக்கலை. புது முறை ஒண்ணு தயார் பண்றாங்களாம். அதுவரைக்கும் வேற யாரும், எந்த நாட்டுலயும், பார்க்கக் கூடாது. மெஷின்ல ஊத்தற ரசாயனத்தைக்கூட மூட்டை கட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. இல்லைன்னா உங்களுக்காக நான் திருட்டுத்தனமா செஞ்சிருப்பேன், சத்தியமா."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த மரபணுவை எந்த ரத்தத்திலிருந்து கண்டுபிடித்தார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மகன் படுக்கையில் விழுந்த வருடம், ஒரு பேராசிரியர் அவளைத் தேடி வந்தார். நோய் கண்ட பிள்ளைகளின் ரத்தமும் பெற்றோரின் ரத்தமும் நிறைய கிடைத்தால் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார். பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்த அவள், தையல் இயந்திரத்துக்கு உறை போட்டுவிட்டுப் பேருந்து பேருந்தாக ஏறி இறங்கினாள். கதவைத் தட்டினாள். சிலர் திட்டினார்கள். "எங்க பிள்ளை சாகட்டும்னு விட்டுட்டோம், நீ எதுக்கு வந்து கிளறுறே?" என்று ஒருவர் செருப்பைத் தூக்கினார். மறு வாரம் அவரே மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சங்கம் அப்படித்தான் வளர்ந்தது.

ரத்தம் கொடுத்த நாளில் பேராசிரியர் ஒப்புதல் தாள்களை நீட்டியபோது அக்காதான் ஒன்று சொன்னாள். "பேர் போட வேண்டாங்க. கடவுளுக்குன்னு குடுக்கறோம். கடவுளுக்குக் குடுக்கறதுல பேர் எதுக்கு?" எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த அறையில் இருந்த எவருக்கும் அது தவறென்று தோன்றவில்லை; எனக்கும் இன்று வரை அதைத் தவறென்று சொல்ல வாய் வரவில்லை. பெயர் எழுதும் இடத்தில் 'ஒரு தாய்', 'ஒரு தந்தை' என்று எழுத முடிவாயிற்று. பலருக்குக் கையில் பிள்ளை இருந்தது, சிலருக்கு எழுதத் தெரியாது. ஆகவே எல்லாத் தாள்களிலும் அக்காவே தன் உருண்டையான கையெழுத்தில் எழுதிக்கொடுத்தாள்.

பேராசிரியர் கண்டுபிடித்தார். பல்கலைக்கழகம் அதைக் கம்பெனிக்கு விற்றது. சங்கத்துக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

*

வழக்குப் போட்டார்கள். சங்கத்துக்காக வந்த வக்கீல் ஒரு பெரியவர். எதைச் சொல்லும் முன்பும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மூல வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால், இந்த ஒரு குழந்தைக்கு மட்டும் மருத்துவமனை பரிசோதனை செய்ய இடைக்கால அனுமதி கேட்டு ஒரு மனுவும் சேர்த்தார்.

"ஒரு பிள்ளைக்குக் கதவு திறந்துட்டா போதும். அடுத்த பிள்ளைக்கு அதைக் காட்டியே திறக்கலாம்" என்றார்.

அடுத்த பிள்ளை அன்று நீதிமன்றக் கூடத்திலேயே இருந்தது. சங்கத்தில் இன்னொரு பெண் ஏழு மாத வயிற்றோடு, முதுகுக்குப் பின்னால் ஒரு துணிப்பையைச் சுருட்டி வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணனை இந்த நோய் கொண்டுபோயிருந்தது. இந்த நோய் இருக்கிற குடும்பம் என்பதால், வயிற்றில் இருப்பது ஆண் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள்.

கம்பெனியின் பெரிய வக்கீல் நல்ல குரல்காரர். "மரம் இயற்கை, நாற்காலி மனிதன் செய்தது. உடம்புக்குள் இருக்கிற மரபணுவை நாங்கள் கேட்கவில்லை. பிரித்துத் தூய்மையாக்கி எடுத்ததைத்தான் எங்களுடையது என்கிறோம். அதற்கு எத்தனையோ பேர் இரவு பகல் பார்க்காமல் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்குப் பாதுகாப்பு இல்லை என்றால் நாளைக்கு இன்னொரு நோயைத் தேட யார் முன்வருவார்கள்?"

"நாற்காலி செஞ்சாங்களா, இல்லை மரத்தை வெட்டி மட்டும் வெச்சாங்களான்னு கேளுங்க ஐயா" என்றார் சங்கத்து வக்கீல், கண்ணாடியைத் துடைத்தபடி.

நீதிபதி லேசாகச் சிரித்தார். ஆனால் பெரிய வக்கீலின் கடைசிக் கேள்வியை அவர் குறித்துக்கொண்டதை அக்கா பார்த்தாள். அதில் பொய் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது. தேடியவர்கள் உழைத்தார்கள். அவளும்தான் பேருந்து ஏறி இறங்கினாள்.

பிறகு ஒப்புதல் தாள்கள் மேசைக்கு வந்தன. கொடுத்தவர்கள் நாங்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்பட வேண்டும் என்றே கொடுத்தோம் என்று சங்கத்து வக்கீல் வாதாடினார். பெரிய வக்கீல் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஐயா, இதில் நிறையத் தாய்மார்கள் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே கையெழுத்தில் இருக்கிறார்கள்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் அருகில் நின்ற இளம் பெண் வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுப்பதும் பக்கத்தைத் தேடித் தருவதும் அவள் வேலை.

"நீங்கதானேம்மா எழுதினது?" என்று நீதிபதி அக்காவைக் கேட்டார்.

"ஆமாங்க ஐயா."

"இதுல உங்க ரத்தத்துக்கான தாள் எது?"

அக்கா தாள்களைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியலைங்க."

மனுவை நீதிபதி அப்போதே தள்ளுபடி செய்யவில்லை. காப்புரிமை யாருக்கு, ரத்தம் யாருடையது என்பதெல்லாம் மூல வழக்கில் பார்த்துக்கொள்ளலாம், குழந்தையின் அவசரத்தை மட்டும் தனியாகக் கேட்கிறேன் என்று இன்னொரு நாள் குறித்தார். அந்த நாள் ஒரு முறை தள்ளிப்போனது. பெரிய வக்கீலுக்கு வெளியூர் வழக்கு. பிறகு இன்னொரு முறை தள்ளிப்போனது. வீட்டில் தினமும் காலையில் தங்கை விரலைக் கழுவிக்கொண்டு ஈறைத் தடவிப் பார்த்தாள். நடத்துநர் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்பான்: "ஒண்ணும் இல்லையே?" மற்ற வீடுகளில் பிள்ளைக்குப் பல் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். அந்த வீட்டில் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டார்கள்.

*

கடைசியில் அந்த நாள் வந்தது. வழக்கு எப்போது கூப்பிடப்படும் என்று தெரியவில்லை. தாழ்வாரம் நெரிசலாக இருந்தது. குழந்தை பசியில் வீறிட்டான். எங்கே உட்கார்ந்து பால் கொடுப்பது என்று தங்கை சுற்றிப் பார்த்தபோது கம்பெனியின் பெண் வக்கீல் வந்தாள்.

"எங்க அறை காலியாத்தான் இருக்கு. வாங்க."

"எதிர்க்கட்சி அறையிலயா?" என்றான் நடத்துநர். "உள்ள விட்டுட்டு அதுக்கும் பேட்டன்ட் இருக்குன்னு சொல்லப் போறீங்க."

அவள் முகம் சிவந்தது. "பாலுக்கு இன்னும் யாரும் வாங்கலைங்க" என்றாள்.

நடத்துநர் வாயை மூடிக்கொண்டான். தங்கை போனாள். அக்காவும் கூடப் போனாள். பால் குடித்து முடிந்ததும் தங்கை ரவிக்கையைச் சரிசெய்துகொள்ள, பெண் வக்கீல் கைகளை நீட்டினாள். அவள் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருந்திருக்க வேண்டும். தலையைத் தாங்கிப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. அவனைத் தூக்கி, கன்னத்தில் ஊதினாள். அவன் அவளுடைய கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்தான். ஆள்காட்டி விரலை வாய்க்குள் கொண்டுபோய்க் கடித்தான்.

"ஆ! கடிக்கறான் பாருங்க, திருடன்! பல் வந்திருச்..."

வாக்கியம் முடியவில்லை. மருத்துவரின் வாக்குமூலத்தைத் தன் கையாலேயே வழக்குக் கட்டில் கோத்து வைத்தவள் அவள். விரல் அவன் வாயிலேயே இருந்தது. எடுக்கவும் தோன்றவில்லை.

தங்கை எழுந்து வந்து அவனை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கீழ் ஈறில் வெள்ளையாக, எள் அளவுக்கு. காலையில் தடவியபோது இல்லை. அல்லது இருந்திருக்கலாம்.

"நான்..." என்றாள் பெண் வக்கீல். "நான் எதையும் பார்க்கலை. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் சொல்லவும் இல்லை. அவளுடைய வேலைக்கு அது எவ்வளவு பெரிய துரோகம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

சங்கத்து வக்கீலிடம் அக்கா தாழ்வாரத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"இப்போ கவனமாக் கேளுங்க. நம்ம பிள்ளைக்கு இனி ஒண்ணும் ஆகப் போறதில்லை. ஆனா உத்தரவு கிடைச்சுட்டா அந்த நிறைமாசக்காரி பிள்ளைக்கு வழி பிறக்கும். அதனால நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். நீதிபதி கேட்டா கவனிக்கலைன்னு சொல்லுங்க. கேட்கவே மாட்டாரு."

கேட்டார். நல்ல மனிதர், அதனால்தான் கேட்டார். உத்தரவு சொல்லத் தொடங்கும் தறுவாயில், தாளிலிருந்து கண்ணை எடுத்து, தங்கையின் தோளில் தூங்கிய குழந்தையைப் பார்த்துவிட்டு, முன்வரிசையில் நின்ற அக்காவிடம், "பிள்ளை நல்லா இருக்கானா? இன்னும் பல் வரலைதானே?" என்றார். பரிவோடு கேட்ட கேள்வி அது.

அக்கா பெஞ்சில் இருந்த நிறைமாதக்காரியைப் பார்த்தாள். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு இவளையே பார்த்திருந்தாள். அக்கா வாயைத் திறந்தாள். வாழ்நாளில் ஒரு பொய்யைச் சொல்வதற்கு நியாயம் இருந்த நேரம் அதுதான். மகன் கேட்டபோதெல்லாம்கூட, "சரியாயிடுமாம்மா?" என்று அவன் கேட்டபோதெல்லாம்கூட, "தெரியலைடா கண்ணு" என்றுதான் சொல்லியிருந்தாள்.

"வந்திருச்சுங்க ஐயா" என்றாள். "இன்னிக்குத்தான்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். கம்பெனியின் பெரிய வக்கீல் எழுந்து, மனு இனித் தேவையற்றதாகிவிட்டது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வதாகச் சொன்னார். வருத்தம் உண்மையாகக்கூட இருந்திருக்கலாம். சங்கத்து வக்கீல் நிறைமாதக்காரியைச் சுட்டிக்காட்டினார். நீதிபதி அவளையும் பார்த்தார்.

"கேட்ட குழந்தைக்கு இனிப் பயனில்லை. பிறக்காத குழந்தைக்கு மனு இல்லை. பிறந்ததும் புதிதாகப் போடுங்கள்" என்றார்.

படியிறங்கினார்கள். கீழே வந்ததும் தங்கை திரும்பினாள்.

"பேர் வேண்டாம்னு சொன்னே, நல்லவளா இருந்தே. இன்னிக்கு உண்மையைச் சொன்னே, நல்லவளா இருக்கே. உன் நல்லதனத்தை வெச்சு ஒரு பிள்ளையையாவது காப்பாத்த முடிஞ்சுதா? என் பிள்ளைதான் போச்சு. அந்தப் பொண்ணு பிள்ளைக்கும் வழியை அடைச்சுட்டியே!"

"என்னால முடியலைடி" என்றாள் அக்கா.

"விடு, பஸ்ஸு வந்திடுச்சு" என்றான் நடத்துநர். எந்தப் பேருந்தும் வரவில்லை.

*

அன்றிலிருந்து தங்கை அக்காவிடம் பேசவில்லை. ஆனாலும் அக்கா தினமும் காலையில் தன் தையல் கடையைத் திறக்குமுன் வந்தாள். ஈரத்துணிகளை அலசிக் காயப்போட்டாள், பாத்திரம் கழுவினாள், போனாள். தங்கை அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டாள், அவ்வளவுதான். கோயிலுக்குப் போவதை அக்கா நிறுத்தவில்லை. ஆனால் அங்கே போய் எதுவும் கேட்பதில்லை; சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள்.

நிறைமாதக்காரிக்கு ஆண் குழந்தை பிறந்தது. புதிய மனு போட்டார்கள். அதற்கு நாள் கிடைக்கவில்லை.

குழந்தைக்கு நான்கைந்து பற்கள் வந்துவிட்டன. கண்ணில் படுவதையெல்லாம் கடித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

நீதிமன்றத்துக்கு விடுமுறையான ஒரு நாள் காலையில் கதவு தட்டப்பட்டது. கம்பெனியின் பெண் வக்கீல் நின்றாள். கறுப்பு அங்கி இல்லாமல் அவளை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"கம்பெனியோட புதுப் பரிசோதனை வந்துடுச்சுங்க" என்றாள் வாசலிலேயே. "அடுத்த வாரம் ஆரம்பிக்கறாங்க. முதல் தடவை கொஞ்சம் பேருக்குத்தான் இடம். மத்தவங்க ரொம்ப நாள் காத்திருக்கணும். கெஞ்சிக் கூத்தாடி உங்க பையனுக்கு ஒரு இடம் வாங்கிட்டேன்."

நடத்துநர் அவளை உட்காரச் சொன்னான். முதல் முறையாகக் கேலி செய்யவில்லை.

"இனிமே பார்த்து என்னங்க?" என்றாள் தங்கை.

"தெரிஞ்சுக்கலாமே. இல்லைன்னு கூட வரலாம். பாதிக்குப் பாதிதானே? நிம்மதியா இருக்கலாம்."

"இருக்குன்னு வந்தா?"

துணி அலசிக்கொண்டிருந்த அக்கா ஈரக் கையோடு வந்து சமையலறை நிலைப்படியில் நின்றாள். பார்த்துவிடலாம் என்று அவள் முகம் சொன்னது. வாய் சொல்லவில்லை. அந்த வீட்டில் எதையும் சொல்லும் உரிமையை அவள் இழந்துவிட்டிருந்தாள்.

தங்கை குழந்தையைத் தரையில் விட்டாள். அவன் தவழ்ந்துபோய் வாசலில் கிடந்த விருந்தாளியின் செருப்பைப் பிடித்தான்.

"இவன் ஓடற வரைக்கும் ஓடட்டுங்க. ஓடும்போதெல்லாம் நான் பயந்துக்கிட்டேதான் பார்ப்பேன். ஆனா கொஞ்சம் நம்பிக்கிட்டும் பார்ப்பேன். அந்தக் கொஞ்சத்தை எங்கிட்டேருந்து எடுத்துடாதீங்க." சற்று நிறுத்தினாள். "அந்த இடத்தை வேற பிள்ளைக்கு மாத்திக் குடுக்க முடியுமா?"

"யாருக்கு?"

"அன்னிக்குப் பெஞ்சுல இருந்தாங்களே, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. அவங்க பிள்ளைக்கு இன்னும் பல் வரலை. நேத்துக்கூடக் கேட்டேன்."

பெண் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டாள். மாற்றிவிடுகிறேன் என்றாள். செருப்பைக் குழந்தையின் கையிலிருந்து மெதுவாக எடுத்துப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனாள். மாற்றித்தான் கொடுத்தாள். அந்தக் குழந்தைக்கு நோய் இருந்ததா, மருந்து வேலை செய்ததா என்பது வேறு கதை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

அவள் போன பிறகு நடத்துநர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். அக்கா நிலைப்படியிலேயே நின்றாள்.

"உனக்கு இன்னும் என் மேல..." என்று தொடங்கினாள்.

"கோபம் போகலை" என்றாள் தங்கை. இத்தனை நாளில் அவள் அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை. "போகும்னும் தோணலை. இவனைக் குளிப்பாட்டணும். தண்ணி காஞ்சுடுச்சான்னு பாரு."

அக்கா அடுப்படிக்குப் போய்த் தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்தாள்.